வேகம் நரம்பில் இல்லை, அனுபவத்தில்!

விளையாட்டு வீரர்களுக்கு நம்மைவிட நரம்பு வேகமாக வேலை செய்கிறதா? பெற்றோர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. பதிலுக்கு முன் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம்.

சூடான சட்டியில் விரல் பட்டதும் கை தானாகப் பின்வாங்குகிறதே, அது அனிச்சைச் செயல். மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் முதுகுத்தண்டே அதை முடித்துவிடுகிறது. எதிர்வினை அப்படியல்ல. கண் பார்க்க வேண்டும். மூளை முடிவு செய்ய வேண்டும். பிறகுதான் தசை அசையும். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னால், நல்ல உடல்நலமுள்ள இளைஞருக்கே சுமார் 0.2 விநாடி பிடிக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஜெலுத்தோங்கை அடுத்த புக்கிட் டும்பாரில் உள்ள சுவர்ப்பந்து மையம், பினாங்கு மண்ணின் மகள் நிக்கோல் டேவிட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005க்கும் 2014க்கும் இடையில் எட்டு முறை உலகப் பட்டம் வென்றவர் அவர். 2006 முதல் 2015 வரை உலகின் முதல் நிலை ஆட்டக்காரராகத் திகழ்ந்தார்.

சுவர்ப்பந்துத் திடலின் நீளம் 9.75 மீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் பந்து அந்தத் தூரத்தை ஏறக்குறைய 0.18 விநாடியில் கடந்துவிடும். சுவரில் பட்டதும் வேகம் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் பந்தைப் பார்த்த பிறகே ஓடுவேன் என்பவர் எப்போதும் பின்தங்கியே இருப்பார்.

அப்படியென்றால் வீரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபெர்னெத்தி 1980களில் பூப்பந்து ஆட்டக்காரர்களுக்குப் படம் போட்டுக் காட்டினார். இறகுப்பந்து அடிபடும் நேரத்திலேயே படத்தை நிறுத்தி, அது எங்கே விழும் என்று கேட்டார். புதியவர்கள் மட்டையை மட்டுமே நம்பினார்கள். தேர்ந்தவர்களோ மட்டை பிடித்த கையின் அசைவையும் படித்தார்கள். ஆகவே முன்கூட்டியே கணித்தார்கள்.

2005இல் வெளிவந்த ஜப்பானிய பேஸ்பால் ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. கடும் பயிற்சி சாதாரண எதிர்வினை நேரத்தைக் குறைக்கவில்லை. 'இதற்கு அசை, அதற்கு அசையாதே' என்று தேர்ந்தெடுக்க வேண்டிய சோதனையில்தான் வேகம் கூடியது. கையை அடக்கத் தெரிவதும் பயிற்சியின் பலன்தான்.

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். திடலில் பெற்ற இந்தக் கணிப்பு அந்த ஆட்டத்துக்கு உரியது. சாலைக்கு அப்படியே வந்துவிடாது. எதிராளியின் கை அடிக்குமுன் அடையாளம் காட்டும். சந்திலிருந்து திடீரென வெளிவரும் கார் காட்டாது. எதிர்பாராத தடங்கலைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு விநாடிக்கு மேலும் ஆகலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடிக்குள் மோட்டார் சைக்கிள் 25 மீட்டர் ஓடியிருக்கும். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். 'நான் விளையாட்டுக்காரன், சமாளித்துவிடுவேன்' என்ற துணிச்சல் அங்கே செல்லாது.

பெற்றோர்களே, பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புங்கள். சுவரோடு மட்டும் ஆடவிடாமல், விதவிதமான எதிராளிகளோடு ஆடவிடுங்கள். பார்க்கும் கண் அப்படித்தான் பழகும். மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்கும்போது மட்டும், முன்வண்டியோடு இடைவெளி விட்டு ஓட்டச் சொல்லுங்கள். சாலையில் அந்த இடைவெளிதான் பிள்ளையைக் காக்கும்.