‘டக்’ சத்தத்தோடு செல்ஃப் நிற்பது ஏன்?

பழைய மாருதி 800-ல் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே பேட்டரியை மாற்றுகிறார்கள், அல்லது செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன் எர்த்தைப் பார்ப்பதே முறை. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், மோட்டாருக்குள் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப எர்த் கேபிளைத்தான் நம்பியிருக்கிறது. சாந்தோம், பெசன்ட் நகர் உப்புக்காற்றில் அதன் போல்ட்டடியில் துருவும் பச்சைக் களிம்பும் சீக்கிரம் ஏறும். கேபிள் கெட்டால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடத் திரும்பும். செல்ஃப் அடித்தபின் அது சுட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஹெட்லைட் நன்றாக எரிகிறதே, எர்த் எப்படிக் கெட்டிருக்கும்? லைட்டின் எர்த் பெரும்பாலும் பாடியில் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான இணைப்பிலேயே 0.02 ஓம் தடை இருந்தாலும், 10 ஆம்பியர் இழுக்கும் லைட்டுக்கு 0.2 வோல்ட்தான் நஷ்டம்; கண்ணுக்குத் தெரியாது. செல்ஃப் மோட்டாருக்காக 150 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் அங்கேயே சூடாகி வீணாகும். பேட்டரியே பலவீனமாக இருக்கலாம் என்பதும் நியாயமான கேள்விதான். அதை மீட்டர் பிரித்துச் சொல்லும்: கியரை நியூட்ரலில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் சிவப்பை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் தொட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறு. பேட்டரி முனைகளுக்கிடையே 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். இரண்டும் சரியென்றால், பிளஸ் பக்கக் கேபிளையும் பார்த்துவிட்டு மோட்டாரில் கை வைக்கலாம்.