மேகப் படம் பிடிக்க நாமே தயாரிக்கும் மெமரி கார்டு

ஐப்பசி மாசம். ஆடிப்பட்டத்து மக்காச்சோளம் களத்தில் காயுது. கிழக்கே கருக்கல் கட்டுது. தார்ப்பாயைப் போடுவதா, இன்னும் ஒரு வெயில் காயவிடுவதா? பழநி வட்டம் கீரனூரில் இந்தக் கேள்வி வராத வருசம் கிடையாது. அதற்காகவே மாடியில் செயற்கைக்கோள் படம் பிடிக்கும் சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தேன். அந்த வாரம் பார்த்து கரண்ட் போய்ப் போய் வந்தது. கருவியின் மெமரி கார்டு கெட்டுவிட்டது. படம் வரவில்லை, கதிரில் பாதி நனைந்து பூஞ்சணம் பிடித்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா கேட்டார்: “ஏன் தம்பி, விதைக்குக் கடைக்குப் போகாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்ற. இந்தக் கார்டு மட்டும் அடுத்தவன் போட்டுக் கொடுத்ததுதானா?”

சுருக்கென்று தைத்தது. யாரோ தயாரித்ததைத்தான் அப்படியே போட்டிருந்தேன். அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அமெரிக்காவின் நோவா 15, 18, 19 செயற்கைக்கோள்களுக்காக அமைத்த கார்டு அது. அவை மூன்றும் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டன. இனி ரஷ்யாவின் மெட்டியார் எம்2-3, எம்2-4 இரண்டையும்தான் பிடிக்க வேண்டும். ஆக, கார்டை நாமே தயாரிப்பது என்று உட்கார்ந்தேன்.

கருவி என்னென்ன?

டி.வி. பார்க்கச் செய்த ஆர்.டி.எல். வகை யு.எஸ்.பி. குச்சி ஒன்று. ராஸ்பெரி பை என்னும் கையகலக் கணினி ஒன்று. 53.4 செ.மீ. நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகள். கம்பிகளை 120 பாகை விரித்து, தரைக்குக் கிடையாக, வடக்கு தெற்காகப் பொருத்தினால் அதுதான் ஆன்டெனா. செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் பத்துப் பதினைந்து நிமிசத்தில் 137.1 அல்லது 137.9 மெகாஹெர்ட்ஸில் படம் இறங்கும். காசு கட்ட வேண்டாம், இணையமும் வேண்டாம்.

சிஸ்டம் இமேஜ் என்றால்?

கார்டில் இருக்க வேண்டிய இயங்குதளம், மென்பொருள், அமைப்புகள் எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு. அதைக் கார்டில் எழுதிச் செருகினால் கருவி தானாக வேலையைத் தொடங்கும். இதைத் தயாரிக்க ‘பை-ஜென்’ என்ற கட்டற்ற கருவி இருக்கிறது. ராஸ்பெரி பை நிறுவனமே தன் இயங்குதளத்தை இதில்தான் தயாரிக்கிறது. டெபியன் லினக்ஸ் உள்ள கணினி வேண்டும். வேலை படிப்படியாக நடக்கும். 0, 1, 2 ஆகிய படிகள் நமக்குப் போதும். அதற்கு மேல் உள்ளவை திரையும் அலங்காரமும். இரண்டாம் படிக்குப் பிறகு நமக்கென ஒரு படி சேர்க்கிறோம். அதில் ஐந்து வேலை:

1. படம் பிரித்தெடுக்கும் ‘சாட்டம்ப்’ மென்பொருளைச் சேர்ப்பது.

2. குச்சியின் டி.வி. டிரைவரைத் தடுப்பது. தடுக்காவிட்டால் கருவி குச்சியை டி.வி. என்றே நினைத்துப் பிடித்துக்கொள்ளும்.

3. மூலக் கோப்புகளைப் படிக்க மட்டும் என்று பூட்டுவது. கரண்ட் திடீரென்று போனாலும் கார்டு கெடும் வாய்ப்பு மிகவும் குறையும். படங்களைத் தனிப் பென்டிரைவில் சேமிக்கலாம்.

4. நேரம். பல ராஸ்பெரி பை மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் இல்லை. நேரம் பிசகினால் கோள் போன பிறகு கருவி காது கொடுக்கும். சின்னக் கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தி, அதைப் படிக்கச் சொல்லி வைக்க வேண்டும்.

5. கோளின் பாதைக் கணக்கு. இது நாள்பட நாள்படப் பிசகும். அதனால் கார்டுக்குள் பூட்டாமல் பென்டிரைவில் வைத்து, வாரம் ஒருமுறை இணையம் கிடைக்கும்போது புதுப்பிக்க வேண்டும்.

பழைய பாடம்

இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் செயற்கைக்கோள் வழியாக நேரடியாக டி.வி. ஓடியது, உழவு நிகழ்ச்சிகளும் வந்தன. அதற்கு அகமதாபாத் விஞ்ஞானிகள் வடிவமைத்த ஆன்டெனா கோழிவலைக் கம்பியில் செய்தது. கைக்குக் கிடைத்த பொருளில் காரியம் நடந்தது.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

படம் முன்னறிவிப்பு ஆகாது. மேகம் இப்போது எங்கே நிற்கிறது என்று மட்டும் காட்டும். கைபேசியில் இணையம் இருக்கும் நாளில் இன்சாட் படமும் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் நாள்கணக்கில் படுத்துக் கிடந்ததை மறந்துவிடக் கூடாது. பேட்டரியில் ஓடும் கருவி அந்த மாதிரி நாளுக்குத்தான்.

இப்போது ஒரே இமேஜை மூன்று கார்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று கருவியில், ஒன்று அலமாரியில், ஒன்று பெரியப்பா வீட்டு விதைக் குதிருக்குப் பக்கத்தில். நாளைக்கு வேறு கோள் வந்தால் ஒரு வரியை மாற்றி மறுபடி தயாரித்துக்கொள்ளலாம். இந்த ஐப்பசிக்குப் பெரியப்பா வீட்டு மாடியிலும் கம்பி ஏறப் போகிறது. “கார்டை நானே எழுதறேன், நீ பக்கத்துல நின்னாப் போதும்” என்று சொல்லிவிட்டார்.