கணிப்பொறிவழி வினாவிடைப் போட்டி

வினாவிடைப் போட்டி நம் மாணாக்கர்க்குப் புதியதன்று. ஒருவர் மேடைமீது நின்று வினவுதலும், ஏனையோர் முந்தி விடையிறுத்தலும், விடையறிந்தும் கைதூக்கப் பிந்தியவர் வருந்துதலும் யாவரும் கண்டனவே. செங்கற்பட்டிலிருப்பாரும் மாமல்லைக் கடற்கரையிலிருப்பாரும் ஓரிடத்துக் கூடாமலே இப்போட்டியை நிகழ்த்தல் இயலுமோவென யாம் ஒருநாள் எண்ணினோம். இயலும் என்பதைச் செய்தே அறிந்தோம். கணிப்பொறிகளை உரையாடச் செய்தல் ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. சரியான விடை சொன்னவர்க்கு உரிய மதிப்பெண் தவறாமற் சென்று சேரச் செய்தற்கோ பல நாட்கள் ஆயின. அவ்வரலாற்றை நம் தோழர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றோம்.

இப்போட்டியில் வரும் பொறிகள் இருவகைப்படும். வினாக்களை வைத்திருந்து கேட்பதும், வந்த விடையை மதிப்பிடுவதும் சர்வர் எனப்படும். போட்டியிடுவோர் கையிலிருந்து வினாவைக் காட்டி விடையை அனுப்புவது கிளையன்ட் எனப்படும். இவ்விரண்டும் பேசிக்கொள்ளும் வாயிலே சாக்கெட். விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையினின்றும் வளர்ந்ததே, பொறிகள் செய்தி பரிமாறும் டி.சி.பி. என்னும் விதி. அவ்விதியை நிரல் எழுதுவோர் எளிதிற் கையாளுமாறு, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துப் பெர்க்லி அறிஞர்கள் 1983-இல் தம் யூனிக்ஸ் பதிப்பில் சாக்கெட் முறையை அமைத்தனர். பைதான் முதலிய இக்கால மொழிகளும் அம்முறையையே தழுவி நிற்கின்றன.

இனி, அது நடைபெறும் விதத்தைக் காண்போம். ஐ.பி. எண் என்பது பெரியதொரு மாளிகையின் முகவரி போல்வது. போர்ட் எண் அம்மாளிகையின் உள்ளே ஓர் அறையின் இலக்கம். போர்ட் எண்கள் 0 முதல் 65535 வரை உள்ளன. 1024-க்குக் கீழ்ப்பட்டவை பொதுப்பணிகட்கென ஒதுக்கப்பட்டமையால் யாம் 5000-ஐக் கொண்டோம். சர்வர் அவ்வறைவாயிலிற் காத்திருக்கும். கிளையன்ட் வந்து கதவைத் தட்டும். தட்டியவர்க்கெனத் தனியே ஒரு புதிய சாக்கெட்டைத் தந்துவிட்டு, முதற்சாக்கெட் அடுத்தவரை எதிர்நோக்கி வாயிலிலேயே நிற்கும். இதனால் பலர் ஒருங்கே ஆடுதல் கைகூடுகின்றது. தொடக்கத்தில் 127.0.0.1 என்னும் எண்ணைக்கொண்டு சர்வரையும் கிளையன்டையும் ஒரே பொறியில் இயக்கிச் சோதித்தல் நன்று.

எமக்கு நேர்ந்த முதல் இடர் பாலாற்றால் வந்தது. ‘செங்கற்பட்டின் அருகே ஓடி, வயலூரின் பக்கத்தே கடலொடு கலக்கும் ஆறு யாது?’ என வினவினோம். ‘பாலாறு’ என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடு முறையிலோ ப, ல, ற என்பனவற்றோடு இரண்டு கால்களும் ஓர் உகரக் குறியும் சேர்ந்து ஆறு குறியீடுகளாம். யு.டி.எஃப்.-8 வழக்கில் ஒவ்வொன்றிற்கும் மூன்று பைட்டாக, மொத்தம் 18 பைட்டு. டி.சி.பி. வரிசை பிறழாது கொண்டு சேர்க்குமேயன்றி, ஒரு செய்தி எங்கே முடிந்ததென்று காட்டாது. வாய்க்காலிற் குடங்குடமாய் ஊற்றிய நீரை மறுமுனையில் குடக்கணக்காய்ப் பிரித்தல் இயலாதன்றோ? 10 பைட்டு முன்னும் 8 பைட்டு பின்னுமாக வருமாயின், நான்காங் குறியீடு இடையே அறுபட்டு, படிக்கவொண்ணாததாகிவிடும். ஆதலின் ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும் வரிமுடிவுக் குறியை இட்டு, அக்குறி வருமளவும் பைட்டுகளைச் சேர்த்துவைத்து, பின்னரே எழுத்தாக மாற்றினோம்.

இரண்டாம் இடர் எம்மை நாணச் செய்தது. செங்கற்பட்டு நகரையடுத்த ஏரியின் பெயரைக் கேட்டபொழுது, தோழர் ஒருவர் ‘கொளவாய்’ என்றே விடுத்தார். சர்வர் அதனைத் தவறென்றது. தாம் எழுத்துப் பிழை செய்ததாகக் கருதி அவர் வாளாவிருந்துவிட்டார். பின்னர் ஆராய்ந்தபோதுதான் பிழை எம்முடையதென்று தெளிந்தது. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அனுப்பலாம். கொம்பு வேறு, கால் வேறாக இரண்டு குறியீடுகளாகவும் அனுப்பலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முன்னதிற் சொல்லின் நீளம் 21 பைட்டு, பின்னதில் 24. இரண்டையும் ஒரு வடிவாக்கும் நெறி யூனிகோடிலேயே வகுக்கப்பட்டுளது. அதன்படி, வந்த விடையையும் எம் விடையையும் முதலில் ஒருவடிவாக்கி, ஓரங்களிலுள்ள வெற்றிடங்களை நீக்கி, அதன்பின்னரே ஒப்பிடலானோம். தோழரிடம் மன்னிப்புக் கேட்டு மதிப்பெண்ணையும் திருத்தினோம்.

இனி, முந்தினவர்க்கே மதிப்பெண் என்னும் பழைய விதி இங்குப் பொருந்துமோ எனின், பொருந்தாது. செங்கற்பட்டிற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லுமாதலின், அத்தொலைவினால் வரும் தாமதம் ஒரு நொடியிற் பத்தாயிரத்திலொரு கூற்றிற்குச் சற்று மிகுதியே. ஆயின் செல்பேசியின் வானலை நெரிசலுற்றிருப்பின், விடை ஒரு நொடிகூடப் பிந்துதல் உண்டு. முதலில் வந்து சேர்ந்த விடை முதலில் எண்ணப்பட்ட விடையென்று கூற ஒண்ணாது. ஆகவே வினாவொன்றுக்கு 20 நொடி தந்து, அதனுள் வந்த சரியான விடைகள் எல்லாவற்றிற்கும் ஒத்த மதிப்பெண் வழங்கினோம். காலத்தை அளப்பது சர்வரின் கடிகாரமே. விடைகளையும் சர்வரிலேயே வைத்தோம். கிளையன்டுக்கு முன்னரே அனுப்பினால், கைத்திறனுடையார் அவற்றை எட்டிப்பார்த்தல் கூடும்.

இதனைச் செய்ய விழையும் நண்பர்கள், கடற்கரைக் கோயில், புலிக்குகை, சதுரங்கப்பட்டினத்து டச்சுக்கோட்டை என நம் பக்கத்துச் செய்திகளையே கொண்டு பத்து வினாக்களோடு தொடங்குவாராக. பிறரை ஆட அழைக்குமுன், ‘கொளவாய்’ என்னும் சொல்லை இருவகையாலும் அனுப்பி, இரண்டிற்கும் மதிப்பெண் கிடைக்கின்றதா எனப் பார்த்துக்கொள்க. எம் தோழரைப்போல், சரியாகச் சொல்லியும் தம்மையே நொந்துகொள்வார் ஒருவரேனும் இல்லாதவாறு காத்தல் நிரல் எழுதுவோர் கடனாம்.