பழைய லேப்டாப்புக்குப் புது 'கிராபிக்ஸ்' போட முடியுமா?

பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஒரு வீட்டில் நடந்த பேச்சு இது.

"அப்பா, லேப்டாப்பில் படம் விட்டு விட்டு ஓடுகிறது. 'கிராபிக்ஸ் கார்டு' மாற்றினால் சரியாகிவிடுமாம். கடையில் பத்தாயிரம் ரூபாய் கேட்கிறார்கள்" என்றான் மகன்.

தந்தை யோசித்தார். மகன் கல்லூரியில் கட்டிட வரைபடம் படிக்கிறவன். லேப்டாப் ஓடாவிட்டால் அவன் படிப்பும் ஓடாது. ஆனால் பத்தாயிரம் என்பது அவருடைய அரை மாதச் சம்பளம்!

"பணம் இருக்கட்டும், தம்பி. அந்த லேப்டாப்பில் அதை மாற்ற முடியுமா? கடையில் கேட்டாயா?" என்றார்.

மகன் விழித்தான்.

பல வீடுகளில் எழும் கேள்வி இது. பதிலைப் பார்ப்போம்.

12 கோடிப் புள்ளிகள்

லேப்டாப் திரையில் தெரியும் படம் முழுவதும் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள். மேலிருந்து கீழே 1,080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600!

படம் அசைவதுபோல் தெரிய, இத்தனை புள்ளிகளையும் ஒரு வினாடிக்கு 60 தடவை புதிதாகப் போடவேண்டும். அதாவது வினாடிக்கு 12 கோடிக்கும் மேல்.

இந்த வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் 'சிப்'. அது திணறினால் படமும் திணறும்.

ஏன் மாற்ற முடியாது?

மேஜைக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்கும். பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். பெட்டியில் இடமும் மின்சாரமும் போதுமானதாக இருந்தால் போதும்.

லேப்டாப் சங்கதி வேறு. பெரும்பாலான லேப்டாப்புகளில் கிராபிக்ஸ் என்பது முக்கிய சிப்புக்கு உள்ளேயே அடங்கியிருக்கிறது. சிலவற்றில் தனி சிப் உண்டு. ஆனால் அதுவும் 'மதர்போர்டு' என்னும் தாய்ப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் அடியில் நூற்றுக்கணக்கான குட்டி உலோக உருண்டைகள்! அவைதான் சிப்பையும் பலகையையும் இணைக்கின்றன. உருவவும் முடியாது; செருகவும் முடியாது.

சூடு காட்டும் வித்தை

இப்படிப்பட்ட சிப் கெட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்தது. சில லேப்டாப் சிப்களைச் செய்யப் பயன்பட்ட பொருள் பலவீனமாக இருந்ததால் அவை பழுதாகின்றன என்று 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் அறிவித்தது. அந்தச் செலவுக்காக அது ஒதுக்கிய தொகை 15 கோடி முதல் 20 கோடி டாலர்!

இப்படிப் பழுதான சிப்பைச் சூடு காட்டி 'உயிர் கொடுக்கும்' கடைகள் உண்டு. லேப்டாப் ஓடும். ஆனால் பெரும்பாலும் சில நாட்களோ, சில மாதங்களோதான். பிறகு மறுபடியும் படுத்துவிடும். அந்த ரிப்பேருக்குக் கொடுத்த பணம் கோவிந்தா!

மாற்றக்கூடிய லேப்டாப்புகள்

மாற்றவே முடியாதா? சிலவற்றில் முடியும்.

2004-ல் என்விடியா நிறுவனம் 'எம்.எக்ஸ்.எம்.' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. லேப்டாப்புக்குள் செருகக்கூடிய சிறு கிராபிக்ஸ் கார்டு அது. டெல் பிரெசிஷன் எம்-6600, எச்.பி. எலைட்புக் 8770-டபிள்யூ போன்ற கனமான, விலை உயர்ந்த லேப்டாப்புகளில் அது உண்டு. அவற்றிலும் எல்லாக் கார்டும் சேராது. சூடு தணிக்கும் தகடு பொருந்தவேண்டும். லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளும் அதை ஏற்கவேண்டும்.

அமெரிக்காவின் பிரேம்வொர்க் நிறுவனம் 2024-ல் விற்பனைக்கு அனுப்பிய 16 அங்குல லேப்டாப்பில், கிராபிக்ஸ் பகுதியை வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். 2025-ல் அதே லேப்டாப்புக்குப் புதிய பகுதியும் வந்தது. முயன்றால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

வெளியே ஒரு பெட்டி

இன்னொரு வழி, மேஜைக் கம்ப்யூட்டர் கார்டை ஒரு தனிப் பெட்டியில் வைத்து லேப்டாப்போடு கம்பியால் இணைப்பது. இதற்குப் பெரும்பாலும் 'தண்டர்போல்ட்' துவாரம் வேண்டும். அதன் அருகே வழக்கமாக மின்னல் குறி இருக்கும். 2015-ல் அறிவிக்கப்பட்ட மூன்றாவது தண்டர்போல்ட்தான் இந்த வழியைப் பிரபலமாக்கியது. அதற்கு முந்திய லேப்டாப்புகளில் இது எளிதல்ல.

பெட்டிக்கு ஒரு விலை, கார்டுக்கு ஒரு விலை. கம்பி வழியே போவதால் கார்டின் முழு வேகமும் கிடைக்காது. பழைய லேப்டாப்புக்கு இது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்!

செலவு குறைந்த வழிகள்

1. காற்றாடியில் அடைந்த தூசியைச் சுத்தம் செய்யுங்கள். சிப்மேல் காய்ந்துபோன பசையை மாற்றச் சொல்லுங்கள். சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

2. 'ராம்' என்னும் நினைவுப் பலகை ஒன்றுதான் இருக்கிறதா? இரண்டாவதற்கு இடம் இருந்தால் போடுங்கள். உள்ளடங்கிய கிராபிக்ஸ் இந்த ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. இரண்டு பலகை இருந்தால் அதற்கு இரண்டு பாதை!

3. பழைய சுழல்தட்டு இருந்தால் 'எஸ்.எஸ்.டி.' போடுங்கள். படம் வரையும் வேகம் கூடாது. ஆனால் மற்ற வேலைகள் விறுவிறு என்று நடக்கும்.

கடையில் கேளுங்கள்

"இந்த மாடலில் கிராபிக்ஸ் தனியாகக் கழறுமா? பற்றவைத்ததா? எத்தனை மாதம் உத்தரவாதம்? எழுதித் தருவீர்களா?"

இந்த நான்கு கேள்விகளுக்கும் நேரான பதில் வராவிட்டால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்தத் தந்தையும் அப்படியே செய்தார். வேறு கடையில் திறந்து பார்த்தார்கள். கிராபிக்ஸ் உள்ளடங்கியது, மாற்ற இடமில்லை. ஆனால் ராமுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது! தூசி தட்டி, ராம் போட்டதற்கு முதல் கடைக்காரர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் ஆயிற்று.

லேப்டாப் புதிதாகிவிடவில்லை. பெரிய வரைபடம் என்றால் மகன் இன்னும் கல்லூரிக் கம்ப்யூட்டரைத்தான் நாடுகிறான். மற்றதெல்லாம் வீட்டிலேயே நடக்கிறது.

மீதிப் பணத்தைத் தந்தை தபால் அலுவலகத்தில் போட்டுவிட்டார். அடுத்த லேப்டாப்புக்கு அது முதல் தவணை!