பாட்டி சுட்ட வடை

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாகரையை அடையுமுன் வருவது மாங்கேணி. கடலையும் களப்பையும் அண்டிய இத்தகைய ஊர்களின் சந்திகளில், மாலை வேளையில் வடை சுடும் மணம் வழிப்போக்கரை நிறுத்தி வைக்கும்.

வடை மிகப் பழைய உணவு. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூல் உளுந்து வடையைக் கூறுகின்றது. ஊறிய உளுந்தை நுரைக்க அரைக்கும்போது மாவினுள் காற்றுப் புகுவதால் வடை மென்மையாகின்றது. நடுவே இடும் துளையின் வழியே எண்ணெய் புகுந்து உட்புறத்தையும் வேகவைக்கின்றது. பருப்பு வடைக்கோ பருப்பை ஒன்றிரண்டாக அரைத்தாலே மொறுமொறுப்பு உண்டாகும். இறாலை மேலே பதித்துப் பொரிக்கும் இறால் வடை, இலங்கைக் கரையோரத்தின் கைவண்ணம்.

வடை என்றதும் நேயர்களுக்கு ஒரு கதை நினைவுக்கு வரும். பாட்டி சுட்ட வடையைக் காகம் கவர்ந்தது. நரி அதன் குரலைப் புகழ்ந்தது. காகம் பாட, வடை வீழ்ந்தது. இக்கதை பல நாடுகளில் உலவுவது. 1ஆம் நூற்றாண்டில் பீட்ரசு என்னும் உரோமானியப் புலவர் பாடிய இலத்தீன் கதையில், காகம் சாளரத்திலிருந்து பாற்கட்டியைத் திருடுகின்றது. 1668இல் லா பொந்தேன் பிரெஞ்சு மொழியில் எழுதியபோதும் அதன் அலகில் இருந்தது பாற்கட்டியே. பௌத்த சாதகக் கதையொன்றிலோ, நரியின் புகழுரையில் மயங்கிய காகம் கிளையை உலுக்கி நாவற்பழங்களை உதிர்க்கின்றது.

இவற்றுள் எதிலும் உணவுக்குரியவர் இன்னார் என்ற பேச்சில்லை. தமிழ்க் கதையில் மட்டும் அடுப்பருகே ஒரு பாட்டி அமர்ந்திருக்கிறாள். அவள் பொழுதுபோக்காக வடை சுடவில்லை, விற்றுப் பிழைக்கிறாள். காகம் கவர்ந்தது அவளுடைய அன்றைய வருவாயின் ஒரு பங்கு.

அந்தப் பாட்டி கதையோடு மறைந்துவிடவில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும், 2009இல் முடிவுற்ற போரிலும் கணவரை இழந்த பெண்கள் பலர் மட்டக்களப்புப் பிரதேசத்தில் உளர். அடுப்பும் எண்ணெய்ச் சட்டியுமே முதலாக, சிற்றுண்டி விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தோரும் அவர்களுள் உண்டு.

இக்காலப் பிள்ளைகள் கதையை மாற்றிவிட்டனர்: காகம் வடையைக் காலின்கீழ் வைத்துக்கொண்டு பாடியதாம்! நரி ஏமாந்தது, காகம் பிழைத்தது. பாட்டிக்கோ அப்பொழுதும் வடை திரும்பவில்லை. இனிக் கதை சொல்லும் பெரியோர், “பாட்டி என்ன செய்தாள்?” என்று ஒரு கேள்வியையும் பிள்ளைகளிடம் கேட்பாராக. புகழ்ச்சிக்கு மயங்காத அறிவோடு, பிறர் உழைப்பை மதிக்கும் பண்பையும் அக்கேள்வி வளர்க்கும்.