பாமாயில் மரத்துக்கு அரசு மானியம்: திண்டுக்கல் விவசாயி நகையை அடகு வைக்கலாமா?

வேடசந்தூர் பக்கம் நாலு ஏக்கர் வச்சிருக்கிற ஒரு நண்பர் போன வாரம் நேர்லயே வந்து கேட்டார். "எண்ணெய்ப்பனை வச்சா கவர்மென்ட் காசு தருதாமே, வீட்டுக்காரம்மா நகையை வச்சு போர் போட்டுடலாமா?" வாங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம். (இதே ஊர்ல ரப்பர் வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுக்கு வருஷத்துக்கு 2,000 மி.மீ. மழை வேணும், நம்மூர்ல அதுல பாதிகூட கிடையாது.)

மத்திய அரசின் எண்ணெய்ப்பனை இயக்கம் 2021 ஆகஸ்ட்ல அறிவிக்கப்பட்டது. மொத்த ஒதுக்கீடு 11,040 கோடி ரூபாய். கன்றுக்கு ஹெக்டேருக்கு 29,000 ரூபாய் வரை, பராமரிப்புக்கு வருஷம் 5,250, ஊடுபயிருக்கு இன்னொரு 5,250. கடைசி ரெண்டும் முதல் நாலு வருஷத்துக்கு. எல்லாம் முழுசா வந்தாலே ஹெக்டேருக்கு 71,000 ரூபாய். நண்பரோட நாலு ஏக்கருக்கு சுமார் 1,15,000.

நல்ல தொகைதானே? இப்போ மறுபக்கம். போர், மோட்டாருக்கு 3 லட்சம் நகைக்கடன்னு வச்சுக்குவோம். 9% வட்டின்னா வருஷத்துக்கு 27,000. மரம் காய்ப்புக்கு வர நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வட்டி மட்டுமே 1,08,000! மானியம் வட்டிக்கே சரியாப் போச்சு, அசல் அப்படியே நிக்குது.

அடுத்தது தண்ணி. ஒரு மரத்துக்கு தினம் 200 லிட்டர், ஏக்கருக்கு 57 மரம். அதாவது ஏக்கருக்கு தினமும் ஒரு பெரிய தண்ணி லாரி! சொட்டுநீர்க் கருவிக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு தமிழ்நாட்டில் 100% மானியம் உண்டு. ஆனா கருவிக்குத்தான் மானியம், நிலத்தடி நீருக்கு இல்லையே. இன்னொன்று, வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள்ள ஆலைக்குப் போகணும். ஆலை தூரமா இருந்தா லாரி வாடகையே லாபத்தைத் தின்னுடும்.

எங்க பெரியப்பா காட்டாமணக்கு வச்சவர். 2003-ல திட்டக் குழு பயோடீசலைப் பெருசா முன்வச்ச பிறகு வந்த அலை அது. "தரிசுலயே வளரும், தண்ணியே வேண்டாம்"னாங்க. செடி வளர்ந்துச்சு, உண்மைதான். தண்ணி இல்லாததால காய்தான் சரியா வரல. வந்த கொஞ்சத்தையும் வாங்க ஆள் இல்ல. கடைசியில வேலியா நின்னுச்சு.

பாமாயில் அந்த அளவுக்கு மோசமில்ல. எண்ணெய்க்கு சந்தை இருக்கு, விலை விழுந்தா வித்தியாசத்தை ஈடுகட்ட திட்டத்துலயே வழி வச்சிருக்காங்க. வருஷம் முழுக்க வத்தாத கிணறு இருந்தா யோசிக்கலாம். வானம் பார்த்த பூமின்னா என் ஓட்டு நிலக்கடலைக்குத்தான். நாலு மாசத்துல காசு. 2025-26-க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். 2024-ல வந்த எண்ணெய்வித்து இயக்கத்துல, தேர்வான பகுதிகளுக்கு விதையே இலவசம். உங்க ஊர் அதுல இருக்கான்னு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துல கேளுங்க. எண்ணெய்ப்பனைன்னா, குலையை எந்த ஆலை வாங்கும், எங்க வந்து எடுக்கும்னு எழுத்துல கேளுங்க.

நண்பருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கேன். இருக்கிற பழைய போர்ல மே மாசம் மோட்டாரைப் போட்டு, 200 லிட்டர் டிரம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கணும். தினம் ஆறு மணி நேரம் கரண்ட் இருந்தா, நாலு ஏக்கருக்கு ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு டிரம் நிரம்பணும். அதுவரைக்கும் நகை பீரோவுலயே இருக்கட்டும்.