மந்தத்திலும் ஓய்வறியாத சணல் ஆலைகள்: கைகொடுக்கும் சட்டம், கலங்கும் தொழிலாளர்

கொல்கத்தா: 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலானதன் அதிர்வு விரைவிலேயே இந்தியாவையும் எட்டியது. அக்டோபர் முதல் நாட்டின் ஏற்றுமதி மாதந்தோறும் சரிந்தது. சூரத் வைரப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதே அக்டோபரில் சிங்கூரிலிருந்து டாடாவின் நானோ கார்த் திட்டமும் வெளியேறியது. மேற்கு வங்கத் தொழில்துறைக்கு அது சோதனைக் காலம்.

ஆனால், ஹூக்ளி நதிக்கரையில் அமைந்துள்ள சணல் ஆலைகளின் மிகப்பெரிய வாடிக்கையாளர் கொள்முதலைக் குறைக்கவில்லை, மாறாக, அதிகரித்தார். அந்த வாடிக்கையாளர் வேறு யாருமல்ல, அரசுதான்.

கோதுமை கொடுத்த வேலை: 2007-08-ல் மத்தியத் தொகுப்புக்கான கோதுமைக் கொள்முதல் சுமார் 1.11 கோடி டன். இது 2008-09-ல் 2.27 கோடி டன்னாகவும், 2009-10-ல் 2.54 கோடி டன்னாகவும் உயர்ந்தது. 50 கிலோ சாக்கு என்று கணக்கிட்டால், கோதுமைக்கு மட்டும் 22 கோடி சாக்குகள் தேவைப்பட்ட இடத்தில், ஓராண்டு இடைவெளியில் 45 கோடி சாக்குகள் தேவைப்பட்டன. உலகச் சந்தை சுருங்கிய அதே வேளையில் பஞ்சாப், ஹரியாணா மண்டிகள் வங்கத்துத் தறிகளுக்கு வேலை கொடுத்தன.

சட்டத்தின் அரண்: இது தற்செயலாக நிகழ்ந்ததல்ல. 1987-ல் இயற்றப்பட்ட சணல் பொதிபொருள் கட்டாயப் பயன்பாட்டுச் சட்டமே இதற்கு அடிப்படை. எந்தெந்தப் பொருள்களை எத்தனை சதவீதம் சணல் சாக்குகளில் அடைக்க வேண்டும் என்பதை இச்சட்டத்தின் கீழ் மத்திய அரசு அறிவிக்கிறது. சட்டத்தை எதிர்த்து சிமெண்ட் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் அதன் செல்லுபடியை உறுதி செய்தது.

2021 நவம்பரில் மத்திய அமைச்சரவை உணவு தானியத்துக்கு 100 சதவீதம், சர்க்கரைக்கு 20 சதவீதம் என ஒதுக்கீடு செய்தது. சணல் தொழிலின் மொத்த உற்பத்தியில் சுமார் 75 சதவீதம் சாக்குகளே என்றும், அரசு ஆண்டுதோறும் ஏறத்தாழ ரூ.8,000 கோடிக்குச் சாக்குகள் வாங்குவதாகவும் அப்போது தெரிவிக்கப்பட்டது. ஆலைகள், துணைத் தொழில்களில் 3.7 லட்சம் தொழிலாளர்களும், சுமார் 40 லட்சம் விவசாயக் குடும்பங்களும் இத்தொழிலை நம்பியுள்ளனர் என்பது அரசின் கணக்கு.

அன்று நேர்ந்தது என்ன?: இந்த அரண் இல்லாத காலத்தையும் வங்கம் கண்டிருக்கிறது. 1855-ல் ரிஷ்ராவில் முதல் ஆலை தொடங்கப்பட்ட பின் வேகமாக வளர்ந்த இத்தொழில், பெரிதும் அயல்நாட்டுச் சந்தையை நம்பியிருந்தது. 1929-ல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் சரக்குப் போக்குவரத்து முடங்கியதும் சாக்குகளுக்கான தேவையும் வீழ்ந்தது. ஆலைகள் வேலை நேரத்தைக் குறைத்து, தறிகளில் ஒரு பகுதிக்கு முத்திரையிட்டன. சணல் விளைவித்த விவசாயிகள் கடனில் மூழ்கினர்.

அரண் விலக்கப்பட்டால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. தொடக்கத்தில் இச்சட்டத்தின் கீழ் இருந்த சிமெண்டும் உரமும் பின்னர் விடுவிக்கப்பட்டன. இன்று அவ்விரண்டையும் சணல் சாக்கில் காண்பது அரிது. அந்த இடத்தை பிளாஸ்டிக் பைகள் பிடித்துக் கொண்டன.

பலன் யாருக்கு?: தொழில் நிலைத்து நின்றதால் தொழிலாளியின் வாழ்வும் நிலைபெற்றது என்று கூறிவிட முடியாது. 2009 டிசம்பரில், அதாவது சாக்குகளுக்கான தேவை உச்சத்தில் இருந்த வேளையில், அகவிலைப்படி உள்ளிட்ட நிலுவைகளைக் கோரி மேற்கு வங்க சணல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எதிரெதிர் அரசியல் முகாம்களைச் சேர்ந்த சங்கங்கள் கைகோத்த அந்தப் போராட்டம் 2010 பிப்ரவரி வரை நீடித்தது.

அரசை மட்டுமே நம்பியிருப்பதன் அபாயம் 2021-22-ல் வெளிப்பட்டது. 2020 மே மாதம் வீசிய உம்பன் புயல் சணல் பயிரைச் சேதப்படுத்தியதைத் தொடர்ந்து கச்சா சணல் விலை உயர்ந்தது. 2021 செப்டம்பரில் குவிண்டாலுக்கு ரூ.6,500 என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஆனால், அந்த விலையில் சந்தையில் சணல் கிடைக்கவில்லை. சாக்கின் விலையோ உச்சவரம்பை ஒட்டியே நிர்ணயிக்கப்பட்டதால் பல ஆலைகள் மூடப்பட்டன. அப்போது பாரக்பூர் தொகுதியின் பாஜக எம்.பி.யாக இருந்த அர்ஜுன் சிங், தமது கட்சியின் அரசையே எதிர்த்துக் குரல் எழுப்பினார். 2022 மே 20 முதல் உச்சவரம்பு நீக்கப்பட்டது. அடுத்த இரு நாள்களில் அவர் திரிணமூல் காங்கிரஸில் இணைந்தார். (2024-ல் மீண்டும் பாஜகவுக்குத் திரும்பினார்.)

தமிழகத்துக்கும் தொடர்புண்டு: காவிரிப் படுகையின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சாக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டால், விவசாயிகள் நெல்லைக் களத்தில் குவித்துக் காத்திருக்க நேரிடுகிறது. 2020 பொது முடக்கத்தில் ஆலைகள் மூடப்பட்டபோது வட மாநிலக் கோதுமைக் கொள்முதலும் இதே சிக்கலைச் சந்தித்தது. பிளாஸ்டிக் பைகளை அனுமதிக்க வேண்டிய நிலைக்கு மத்திய அரசு தள்ளப்பட்டது.

தானியத்தைச் சாக்கின்றி மொத்தமாகச் சேமிக்கும் எஃகுக் குதிர்களை அரசே ஊக்குவித்து வருகிறது. அவை பெருகப் பெருக, சாக்கின் தேவை குறையும். மந்தத்தைத் தாங்கிய ஆலைகளுக்கு இனி வரும் சோதனை, தங்களைக் காத்த அதே அரசின் கொள்கை மாற்றமாகவே இருக்கும். அதற்குள் மாற்றுப் பொருள்களுக்கும் புதிய சந்தைக்கும் ஆலைகளைத் தயார்படுத்துவது தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள பொதுப் பொறுப்பு.